ஸ்டெப்னியில் இருக்கிற நாலு எண்: டெம்ப்ஸ்டர் ரோட்டுக்கு எடுத்த வாடகை கேம்பர்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ஆனி, ஆடி மழையில் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுவிடும். மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டி வெட்டுகிறவர்களும் உண்டு. நான் கட்டுவதில்லை, மரத்துக்கும் ஒரு லீவு வேண்டாமா? அந்த லீவில்தான் போன வருஷம் நானும் மனைவியும் கனடா போனோம். மகள் அங்கே வைட்ஹார்ஸ் என்ற ஊரில் நர்ஸ். கனடா என்றதும் "டொரண்டோவா?" என்று கேட்காத ஆள் இங்கே கிடையாது. டொரண்டோவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படத்தில் மேலே, இடது மூலையில், அலாஸ்காவை ஒட்டிக் கிடக்கிறது யூக்கான். தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் நிலம், 2021 கணக்கெடுப்பில் ஆட்கள் 40 ஆயிரத்துச் சொச்சம். 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நம் குமரி மாவட்டத்தில் 2011-லேயே 18 லட்சம் பேர் தாண்டிவிட்டோம்.

அங்கிருந்து பத்து நாள், போக வர ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர், ஆர்க்டிக் கடல் வரை ஒரு வாடகை கேம்பரில் போய் வந்தோம். அந்த வண்டியைப் பற்றியும் அது ஓடிய ரோட்டைப் பற்றியும்தான் இதை எழுதுகிறேன். வண்டி கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. யாரிடம் எடுத்தாலும் கேட்கவும் பார்க்கவும் வேண்டியது சிலது உண்டு, அதைச் சொன்னால் போதும்.

நட்சத்திரம் போட எனக்குத் தெரியாது. ரப்பர் ஷீட்டுக்குத் தரம் போடத் தெரியும். புகை போட்டு உலர்த்திய ஷீட்டில் ஆர்எஸ்எஸ் 1 என்ற தரம் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது குமிழி, கறை எதுவும் இல்லாமல் தேன் நிறத்தில் இருக்கும். ஐந்து என்றால் யாரும் வாயைத் திறந்து பாராட்ட மாட்டார்கள். எங்கள் பக்கம் கடைக்குப் போவது பெரும்பாலும் நாலு, டயர் கம்பெனிகள் வாங்குவதும் அதைத்தான். ரோட்டுக்கு நான் ஒன்று கொடுப்பேன். வண்டிக்கு நாலு. அதுவும் ஹீட்டர் நன்றாக வேலை செய்ததால்.

முதலில் ரோடு. வைட்ஹார்ஸில் இருந்து டாசன் சிட்டிக்குப் போகிற ரோட்டில், டாசனுக்கு 40 கிலோமீட்டர் முன்னால் பிரிந்து வடக்கே இனுவிக் என்ற ஊர் வரை சுமார் 740 கிலோமீட்டர் போகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. நாகர்கோவிலில் இருந்து சென்னைக்குப் போகிற தூரம். ஆரம்பத்தில் பேருக்குக் கொஞ்சம் தார், மிச்சம் எல்லாம் சரளை. முதல் பெட்ரோல் பங்க் 369-வது கிலோமீட்டரில், ஈகிள் ப்ளெய்ன்ஸ் என்ற இடத்தில். நாகர்கோவிலில் டேங்கை நிரப்பினால் அடுத்த பங்க் திருச்சியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் டீக்கடை இல்லை, பஞ்சர் கடை இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, ஊர் என்று ஒன்று இல்லவே இல்லை. அதற்கும் அடுத்த பங்க் விழுப்புரம் தாண்டி. 1959-ல் வேலையைத் தொடங்கி 1979-ல்தான் முழுசாகத் திறந்தார்களாம். நம் நான்குவழிச் சாலையைப் பார்த்துப் பழகிய எனக்கு 20 வருஷம் பெரிதாகத் தோன்றவில்லை.

ஏன் தார் போடவில்லை என்று மருமகனிடம் கேட்டேன். அடியில் மண்ணே உறைந்து கிடக்கிறதாம், கோடையிலும் உருகாத ஐஸ். அதன்மேல் நேராக ரோட்டைப் போட்டால் வெயில் இறங்கி ஐஸ் உருகி ரோடு சேற்றுக்குள் போய்விடும். அதனால் ஆள் உயரத்துக்குச் சரளையைக் கொட்டி, அந்த மேட்டின்மேல் வண்டியை ஓட்டுகிறார்கள். எனக்கு உடனே பிடிபட்டது. சின்ன வயதில் குளச்சலில் இருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் ஐஸ் கட்டிக்கு மேலே மரத்தூளைக் கொட்டிச் சாக்கைப் போட்டு மூடியிருப்பார். அந்த மரத்தூளின் வேலையைத்தான் இங்கே சரளை செய்கிறது.

இப்போது வண்டி. பெரிய பிக்கப்பின் முதுகில் ஒரு பெட்டி வீட்டைத் தூக்கி வைத்தது போல இருக்கும், ட்ரக் கேம்பர் என்கிறார்கள். டிரைவர் தலைக்கு மேலே ஒரு மெத்தை, மேசையை இறக்கினால் இன்னொரு மெத்தை. இரண்டு அடுப்பு, காஸில் ஓடுகிற ஃபிரிட்ஜ், ஹீட்டர், தண்ணீர்த் தொட்டி, உடம்பை ஒடுக்கினால் நுழையலாம் என்கிற அளவில் ஒரு கக்கூஸ். நாள் வாடகை 280 டாலர். ஒரு டாலருக்கு அறுபது ரூபாய்க்கு மேல் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. சரளை ரோட்டுக்கு மேல்பணம் தனி. முன் கண்ணாடியில் கல் பட்டால் நம் பொறுப்பு.

வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் டெம்ப்ஸ்டர் ரோட்டுக்குப் போகக் கூடாது என்றே ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சொல்லாமல் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சேறும் தூசியும் கழுவினாலும் போகாது, திரும்பி வந்ததும் பிடித்துவிடுவார்கள். எங்களுக்குக் கொடுத்தவர்கள் அனுமதி கொடுத்தார்கள், அதற்காகத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தோம். முன்பதிவில் இரண்டு ஸ்டெப்னி என்று போட்டிருந்தது.

வண்டியை எடுக்கப் போன அன்று மகளும் மருமகனும் மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. இங்கிலீஷ் பேசினால் புரியும், பேச வராது. நேரே வண்டியைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தேன். ஓடுகிற நாலும் கொள்ளாம். பாரம் தூக்குகிற பத்து ப்ளை டயர், ரோட்டைப் பிடிக்கிற பட்டன் நன்றாக இருந்தது. இரண்டு ஸ்டெப்னியில் ஒன்று வண்டிக்கு அடியில் தொங்கியது. இன்னொன்று பின்னால் ஒரு உறைக்குள். உறையைக் கழற்றிவிட்டுப் பக்கச் சுவரைத் துடைத்தேன்.

மார்த்தாண்டத்தில் ரீட்ரெடிங் கடை வைத்திருக்கிற என் மச்சினன் சொல்லிக் கொடுத்த விஷயம் இது. டயரின் பக்கச் சுவரில் நீளமாக ஒரு எழுத்து வரிசை ஓடும். அதன் கடைசியில் ஒரு சின்ன முட்டை வடிவத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். அந்த ஸ்டெப்னியில் 3613 என்று இருந்தது. 2013-ஆம் வருஷம் 36-வது வாரத்தில் செய்த டயர். அது ஒரு ரோட்டிலும் ஓடியதில்லை, பட்டன் புத்தம் புதுசு. ஆனால் விரலால் அழுத்தி வளைத்தால் பக்கச் சுவரில் தலைமுடி மாதிரி வெடிப்பு. ரப்பருக்கு ஓடித்தான் வயசாக வேண்டும் என்று இல்லை. காற்றும் வெயிலும் சும்மா தொங்குகிற டயரையும் தின்னும்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கு வெட்கம். "அப்பா, சும்மா இருங்க. இங்க யாரும் இப்படிக் குனிஞ்சு கெடந்து பார்க்க மாட்டாங்க."

"பார்க்காம எப்படி மக்ளே? வழியில கடையா இருக்கு?"

மேசையில் இருந்த பையன் வந்தான். பட்டனுக்குள் ஒரு நாணயத்தைச் செருகிக் காட்டி, நன்றாகத்தானே இருக்கிறது என்றான். நான் மறுபடியும் அந்த நாலு எண்ணின்மேல் விரலை வைத்தேன். பேசவில்லை. அவன் குனிந்தான், படித்தான், என்னை ஒரு பார்வை பார்த்தான். பத்து நிமிஷத்தில் வேறு டயர் வந்தது. "அப்பா என்ன வேலை பாக்கிறாங்கன்னு கேட்டான். ரப்பர் விவசாயின்னு சொன்னேன். அப்படி ஒரு விவசாயம் இருக்கான்னு கேக்கிறான்" என்று மகள் சிரித்தாள்.

டயரில் கண்ணை வைத்தவன் ஜாக்கியில் வைக்கவில்லை. அது என் தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வைட்ஹார்ஸில் இருந்து டாசன் வரை தார் ரோடு, ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஆறு, காடு, ஆறு, காடு. டாசனில் 1896-ல் தங்கம் கிடைத்து உலகமே ஓடி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இப்போதும் தெருவில் மண்தான், ஓரத்தில் பலகை நடைபாதை. அடியில் ஐஸ் இளகி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற பழைய வீடுகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். மற்றபடி டூரிஸ்ட் ஊர். டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம்.

டூம்ஸ்டோன் மலை அழகு. படம் எல்லா இடத்திலும் கிடைக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது மரங்கள். கறுப்பு ஸ்ப்ரூஸ் என்று ஒரு ஊசியிலை மரம். நம் தோட்டத்தில் கயிறு பிடித்து வரிசையாக நட்டுப் பழகியவனுக்கு அந்தக் காட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒன்று இடப்பக்கம் சாய்கிறது, ஒன்று வலப்பக்கம், ஒன்று பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஐஸ் உருகி உறைந்து மண் அசைவதால் வருகிற கோணல். குடிகார மரங்கள் என்றே அங்கே பெயர். எங்கள் ரப்பர் ஏழு வருஷத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்துவிட்டால் கத்தி வைப்போம். அங்கே என் மணிக்கட்டு பருமனில் நிற்கிற மரத்துக்கு நூறு வயது இருக்கலாம் என்றார் மருமகன். அதற்கு மேலே போகப் போக மரமே இல்லை.

வண்டிக்குள்ளே தூசி. இதை எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள். பின் கதவின் ரப்பர் பட்டை தேய்ந்துபோய் ஒரு விரல்நுனி இடைவெளி இருந்தது. அது வழியாக மாவு போல வந்து மெத்தை, தலையணை, தட்டு எல்லாவற்றிலும் படிந்தது. மனைவி கஞ்சிக்கு அரிசியை நாலு தண்ணீர் கழுவினாள், நாலாவது தண்ணீரும் சாம்பல் நிறம். புட்டுமாவை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் கட்டி ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். ஃபிரிட்ஜ் கதவு குலுக்கலில் திறந்துகொண்டு பதினொரு முட்டை போனது தனிக் கதை. மழை பெய்தால் தூசி அடங்கும் என்று வேண்டினோம். பெய்தது. தூசி அடங்க அந்த ரோட்டில் கால்சியம் குளோரைடு என்ற உப்பைத் தூவி வைத்திருக்கிறார்கள், நனைந்ததும் அது வழுவழு என்று ஆகிவிட்டது. மழைக்காலத்துச் செம்மண் ஏற்றத்தில் ஜீப் ஓட்டியவர்களுக்குப் புரியும். மருமகன் மார்த்தாண்டத்துப் பையன், பதறாமல் ஓட்டினார்.

ஈகிள் ப்ளெய்ன்ஸுக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்போது டயர் போனது. பின் வலது. அந்தப் பக்கம் ரோட்டில் கிடப்பது உருண்ட ஜல்லி இல்லை, அடுக்கு அடுக்காகப் பிளக்கிற ஒரு கல், உடைந்த ஓடு மாதிரி விளிம்பு கூர்மை. ரோட்டைச் சமப்படுத்துகிற கிரேடர் வண்டி கீறிவிட்டுப் போன இடத்தில் அந்தக் கூர் எல்லாம் மேலே பார்த்து நிற்கும். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். எண்பதுக்கு மேல் போகாதே மக்கா என்று நான் சொல்லிக்கொண்டுதான் வந்தேன், அவரும் எழுபதில்தான் போனார். விதி.

இறங்கினோம். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் கொசுவோடு குடித்தனம் நடத்தியவன் நான். சிரட்டையில் தண்ணீர் தேங்கினால் எங்கள் வீட்டில் யார் யாருக்குக் காய்ச்சல் வரும் என்று சொல்லிவிடுவேன். அங்கே வந்தது கொசு இல்லை, புகை. கையை வீசினால் கையில் மோதுவது தெரிகிறது. மகள் கொண்டு வந்திருந்த வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜாக்கியை எடுத்தோம். வண்டி பெரிது, ஜாக்கியை அச்சுக்கு அடியில் தள்ளி வைத்துத் தூரத்தில் இருந்து சுற்ற வேண்டும். அதற்குக் கைப்பிடி மூன்று துண்டுக் கம்பி, ஒன்றோடு ஒன்று மாட்டுவது. பையைக் கொட்டினால் இரண்டு துண்டுதான் இருக்கிறது. இரண்டைச் சேர்த்தால் கம்பி சக்கரத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கையால் சுற்றப் பார்த்தேன். கால்வாசிச் சுற்று திரும்பும், அப்புறம் கை இடிக்கும். மனைவி ரோட்டு ஓரத்தில் நின்று ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிட்டாள். மகள் வாடகைக்கு எடுத்த சாட்டிலைட் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அமுக்கவா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து ஒரு பிக்கப் வந்தது. அந்த ரோட்டில் நிற்கிற வண்டியைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிற வழக்கம் கிடையாது. ஃபோர்ட் மெக்ஃபெர்சன் ஊரில் இருந்து சாமான் வாங்க டாசனுக்குப் போகிற ஒரு தம்பதி, அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான க்விச்சின் மக்கள். அவர் எங்கள் ஜாக்கியைப் பார்க்கக்கூட இல்லை. தன்னுடையதை எடுத்தார், இருபது நிமிஷத்தில் சக்கரம் மாறியது. மாட்டியது நான் சண்டை போட்டு வாங்கிய அந்தப் புது ஸ்டெப்னி. மகளைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

காசு வேண்டாம் என்றுவிட்டார். மனைவி நாகர்கோவிலில் இருந்து கொண்டு வந்த நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்தாள். அங்கேயே பிரித்துத் தின்றார்கள். உருளைக்கிழங்கா என்று அந்த அம்மா கேட்டார். வாழைக்காய் என்று மகள் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நம்பினது மாதிரி தெரியவில்லை.

ஈகிள் ப்ளெய்ன்ஸில் ஒரு ஓட்டல், ஒரு பங்க், பஞ்சர் ஒட்டுகிற இடம். அவ்வளவுதான் ஊர். நல்ல வேளையாகக் கிழிந்தது பட்டன் பகுதியில், பக்கச் சுவரில் இல்லை. ஒட்டுகிறவர் ஒரு ஊசியில் பசை தடவிய ரப்பர் திரியைக் கோர்த்து ஓட்டைக்குள் சொருகி இழுத்து மிச்சத்தை வெட்டினார். மார்த்தாண்டத்தில் மச்சினன் கடையில் செய்கிற அதே வேலை, அதே திரி, அதே வாசனை. உலகத்தின் எந்த மூலையிலும் டயருக்கு வைத்தியம் ஒன்றுதான் போல. வெட்டிப் போட்ட துண்டை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தேன். எங்கள் ரப்பராக இருக்க வழியில்லை, தாய்லாந்து சரக்காக இருக்கும், உலகத்திலேயே அதிகம் விளைவது அங்கேதான். ஆனாலும் பால் பால்தானே.

அங்கிருந்து 36 கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம், 405-வது கிலோமீட்டரில் ஒரு பலகை. படம் எடுத்துக்கொண்டோம். அறுபது கிலோமீட்டர் போனால் யூக்கான் முடிந்து வடமேற்குப் பிரதேசம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். அப்புறம் பீல் ஆறு. பாலம் இல்லை, வண்டியையும் ஆளையும் சேர்த்து ஏற்றிக்கொள்கிற படகு. பணம் வாங்குவதில்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்று நின்று கால் வீங்கிய மனைவி, "காசு வாங்காம ஒரு படகா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மெக்கன்சி ஆற்றிலும் இப்படியே. பனிக்காலத்தில் ஆறு உறைந்ததும் அதன்மேலேயே லாரி ஓடும். உறைகிற சமயமும் உடைகிற சமயமும் வாரக்கணக்கில் படகும் இல்லை ரோடும் இல்லை, இனுவிக் தனியாகிவிடும். பயணத்துக்குத் தேதி போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஃபோர்ட் மெக்ஃபெர்சனில் கோவில் பக்கம் நாலு போலீஸ்காரர்களின் கல்லறை. 1910 டிசம்பரில் நாய்வண்டியில் டாசனுக்குக் கிளம்பியவர்கள். தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்ட். வழி தெரிந்த க்விச்சின் ஆள் ஒருவர் சில நாள் கூட வந்தார், இனி நாங்களே போய்க்கொள்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். திரும்புகிற ஓடையைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைந்து, நாய்களைத் தின்று, நாலு பேரும் செத்தார்கள். 1911 மார்ச்சில் தேடிப்போய்க் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர். ரோட்டுக்கு அவர் பெயர்தான். ஜாக்கியை அன்று எடுத்துக் கொடுத்த க்விச்சின் ஆளை நினைத்துக்கொண்டே அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்றேன்.

இனுவிக்கில் இரண்டு ராத்திரி. ராத்திரி என்பது பேச்சுக்கு. கோடையில் ஏறக்குறைய 56 நாள் சூரியன் இறங்குவதே இல்லை. சூரியன் கடலில் உதித்துக் கடலில் மறைவதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ நம் கன்னியாகுமரிக்கு வருகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அங்கே சூரியன் சாயங்காலம் ஐந்து மணி போல நிற்கிறது, மறையவும் மாட்டேன் உதிக்கவும் மாட்டேன் என்று. சின்னப் பிள்ளைகள் அந்த நேரத்தில் சைக்கிள் விடுகிறார்கள். நாங்கள் சன்னலில் போர்வையைக் கட்டித் தூங்கினோம். கேம்பரின் சன்னல் திரை காகிதம் மாதிரி, அதற்கும் ஒரு மார்க் குறைக்க வேண்டும்.

ஊரில் வீடுகள் எல்லாம் கால் ஊன்றித் தரைக்கு மேலே நிற்கின்றன. தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் மண்ணுக்குள் போக முடியாததால் பெட்டிக்குள் வைத்துத் தெருவோடு போகின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெற்றி மாதா கோவிலுக்குப் போனோம். பனிக்கட்டி வீடு மாதிரி வெள்ளையாக, உருண்டையாக இருக்கிறது. 1958-ல் தொடங்கி 1960-ல் முடித்தது. வரைந்து கட்டியவர் மொரீஸ் லாரோக் என்ற துறவறச் சகோதரர், தச்சர், கட்டிடப் படிப்பு படித்தவர் இல்லை. உள்ளே சிலுவைப்பாதைப் படங்களை வரைந்தவர் மோனா த்ராஷர் என்ற பெண், அந்தப் பக்கத்து இன்னொரு பூர்வகுடியான இனுவியாலுயிட். அதே ஊரில் சின்னதாக ஒரு பள்ளிவாசலும் உண்டு. 2010-ல் வின்னிபெக்கில் கட்டி, லாரியிலும் ஆற்றுப் படகிலும் ஏற்றி 4,000 கிலோமீட்டர் கொண்டு வந்து இறக்கினார்களாம். திருவிதாங்கோட்டு நண்பருக்கு அனுப்ப அதையும் படம் எடுத்தேன். பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குக் கண்ணாடிக் கூரை மாதிரி போட்டுக் காய்கறித் தோட்டம் ஆக்கியிருக்கிறார்கள். இருபத்துநாலு மணி நேர வெயிலில் கீரை வளர்கிற வேகத்தைப் பார்த்த மனைவி அங்கிருந்து கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது.

இனுவிக்கில் இருந்து ஆர்க்டிக் கடலோர ஊரான டுக்டோயக்டுக் 140 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2017 நவம்பரில்தான் இந்த ரோட்டைத் திறந்தார்கள். அதற்கு முன்னால் பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலும் கடலின்மேலும்தான் வண்டி போகும். குழி அதிகம், வேகம் முப்பது நாற்பது. ஊருக்குப் பக்கத்தில் பிங்கோ என்ற குன்றுகள். உள்ளே ஐஸ் திரண்டு மண்ணைத் தள்ளி மேலே எழும்பியவை. இபியுக் என்கிற பெரிய குன்று 49 மீட்டர், பீடத்தோடு சேர்த்து 133 அடி நிற்கிற நம் வள்ளுவர் சிலையை விட உயரம்.

கடலைத் தொட்டேன். அலை இல்லை, சாம்பல் நிறம், கால் உடனே மரத்துப்போனது. எல்லோரும் ஆர்க்டிக் பெருங்கடல் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, என் மனைவி கரையோரமே நடந்து போய்விட்டாள். இருபது வருஷம் நம் மேற்குக் கடற்கரை ஊர்களில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். அங்கே கரையில் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஐஸ் உருகி மண் இளகிக் கடல் உள்ளே வருகிறது, ஓரத்து வீடுகள் சிலதைத் தூக்கி உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள். திரும்பி வந்து சொன்னாள்: "இஞ்ச பாருங்க, நம்ம கடற்கரை மாதிரியேதான் கெடக்கு. இவங்களுக்கும் அலையத் தடுக்கத் தூண்டில் வளைவு போட்டுக் கொடுத்தா நல்லது." அப்புறம் கொஞ்ச நேரம் அவள் எதுவும் பேசவில்லை.

திரும்பும்போது ஒரு லாரி தெறித்த கல் முன் கண்ணாடியில் பட்டு நட்சத்திரம் போட்டது. டயர் எதுவும் போகவில்லை. சொருகிய திரி வைட்ஹார்ஸ் வரை அப்படியே நின்றது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்குப் பணம் பிடித்தார்கள், அது ஒப்பந்தத்தில் இருந்தது, சண்டை இல்லை. முன்பணம் வரச் சரியாக மூன்று வாரம் ஆனது. கதவு ரப்பரையும் ஜாக்கிக் கைப்பிடியையும் பற்றி மகள் எழுதிக் கொடுத்தாள். மேசையில் இருந்த அதே பையன், மன்னிக்க வேண்டும், கவனிக்கிறோம் என்றான். டயர் விஷயத்தில் அவன் தப்பை ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்ததால் நான் அதற்கு மேல் பேசவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: அனுமதி டெம்ப்ஸ்டர் என்று பெயர் போட்டு எழுத்தில் இருக்கட்டும். ஸ்டெப்னி இரண்டு, இரண்டிலும் அந்த நாலு எண்ணைப் படியுங்கள். வண்டியை எடுக்கிற இடத்திலேயே ஜாக்கியை ஒரு தடவை வைத்துத் தூக்கிப் பாருங்கள், அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். தலைக்கு வலைத் தொப்பி. அரிசியைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சிப்ஸ் நிறையக் கொண்டு போங்கள்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் ஒரு ஜெர்மன்காரத் தம்பதி அதே வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி கழுவியாகிவிட்டது, தரை பளபளப்பாக இருந்தது. நான் அந்த மனுஷனைக் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஜாக்கிப் பையைத் திறந்து காட்டினேன். கைப்பிடி அப்போதும் இரண்டு துண்டுதான்.